வராத தும்மல்

என் இடது கையை மேசைமேல் வைக்கிறாள் ஒட்னி,
யாரோ விட்டுப்போன பொட்டலத்தை வைப்பதுபோல.
மணிக்கட்டு இந்தப் பள்ளத்தில்,
முழங்கை அந்த நீல நாடாவில்.
“ஒவ்வொரு முறையும் இங்கிருந்துதான், ஹால்வார்.
ஒரு நூல்கூடத் தள்ளக் கூடாது.”

புஜத்தின் பின்புறம் இரண்டு பசைத்துண்டுகள்.
அவற்றின் வயர் போய்ச் சேரும் பெட்டி
ரொட்டி சுடும் கருவியைவிடச் சிறியது.
மேசையில் வளைந்து கிடக்கும் ஒளிக்கோட்டின்மேல்
ஒரு சிவப்புப் புள்ளி ஊரும்.
கை அதைத் துரத்த வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
போன வருடம் யாராவது இதை வேலை என்றிருந்தால்
சிரித்திருப்பேன்.

முதல் முறை
கை பாதி வழியில் நின்று யோசித்தது.
பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.
எந்த நொடியில் எத்தனை விரற்கடை பின்தங்கினேன் என்று
குறித்துக்கொண்டது.
கையை மறுபடி பள்ளத்தில் வைத்தாள்.
இரண்டாம் முறை, நான் பின்தங்கவிருந்த இடத்துக்குச்
சற்று முன்பாகவே
தசையில் ஒரு சுரீர்.

முன்பாகவே.
இன்னும் நடக்காதது இதற்கு எப்படித் தெரியும்?
“நடந்துவிட்டதே,” என்றாள் ஒட்னி, “போன முறை.”

யோசித்தால், எனக்கு அது புதிதில்லை.
இருபத்திரண்டு ஆண்டு ட்ரொண்ட்ஹெய்மில்
ஒன்பதாம் எண் பேருந்து ஓட்டியவன்.
ஆற்றோரம் ஓர் இடப்பக்க வளைவு உண்டு.
ஜனவரியில், பனி கண்ணாடியாய் உறைந்த பிறகு,
அதைக் கண்ணால் பார்த்துத் திருப்புகிறவன்
ஆற்றுக்குள்தான் திருப்புவான்.
நான் திருப்பியது எல்லாம் நேற்றைய வளைவை.

பதினோராம் முறை
கோடும் என் தடமும் ஏறக்குறைய ஒன்று.
பன்னிரண்டாவதில் தும்மினேன்.
மீன் சந்தையில் நின்று தும்மினால்
கடற்காகங்கள் எழுந்து பறக்குமே, அப்படி.
புள்ளி ஓரிடம், கை வேறிடம்.

பெட்டிக்குத் தும்மல் தெரியாது,
பிழைதான் தெரியும்.
பதின்மூன்றாம் முறை, அதே நொடியில்,
வராத தும்மலுக்கு எதிராக
என் கையை வெடுக்கென்று இழுத்தது.
காப்பிக் கோப்பை பறந்து
ஒட்னியின் வெள்ளைக் காலணியில் இறங்கியது.
சிரித்தோம்,
அவள் முழு வாயால், நான் வலது பாதியால்.

பிறகு அவள் திரையில் ஓர் எண்ணை மாற்றினாள்.
அதன் பெயர் மறதியாம்.
அது இல்லாவிட்டால்
ஒரு நாள் தும்மலை ஆயுசுக்கும் திருத்திக்கொண்டிருக்குமாம்.
என் அண்ணன் ஐனார் நினைவுக்கு வந்தான்.
ஒரு படகு விற்ற காசு.
பதினாறு கிறிஸ்துமஸ்.
எந்த எண், எவ்வளவு என்று
கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

பதினான்கு. பதினைந்து. மறுபடி பள்ளம், மறுபடி நாடா.
கையை அங்கே வைத்துவிடலாம்.
களைத்த ஹால்வாரை,
சிறுநீர் முட்டும் ஹால்வாரை,
திடீரென்று அழத் தோன்றும் ஹால்வாரை
எந்த நாடாவில் வைப்பது?
அதற்கு அவர்களிடம் பள்ளம் இல்லை.

கை தானாகச் செய்யச் செய்ய
பெட்டி தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் என்றாள்.
கடைசி முறை எனக்குச் சுரீர் தெரியவில்லை.
பழகிவிட்டதா, வரவே இல்லையா?
ஒட்னி திரையை என் பக்கம் திருப்பவில்லை.

வீட்டுக்கு அதே ஒன்பது.
ஓட்டுநர் ஒரு பொடியன், பிரேக்கைக் குத்துகிறான்.
நின்றுகொண்டு, வேண்டுமென்றே
இடது கையால் பிடித்தேன் கம்பத்தை.
ஆறு தெரிந்தது.
வயர் இல்லை, பெட்டி இல்லை.
வளைவுக்குச் சற்று முன்பாகவே
விரல்கள் இறுகின.

பேருந்து நேரே போயிற்று.
கோடையிலேயே புதுப் பாலத்தின் வழியாக மாற்றிவிட்டார்களாம்,
பக்கத்து இருக்கைப் பெண் சொன்னாள்.

வராத வளைவுக்கு இறுகிய விரல்களை
வலது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.
தப்புதான்.
மறுபடி தொட்டுப் பார்த்தேன்.
என் நிறுத்தம் வந்தது,
கதவு திறந்து,
மூடிக்கொண்டது.